'வேலை உரிமைச் சட்டம்' வேலை கொடுக்குமா? சங்கம், சந்தா, உங்கள் சம்மதம்

உங்கள் போனில் இப்படி ஒரு ஃபார்வேர்டு எப்போதாவது வந்திருக்கலாம்: "அமெரிக்காவில் 26 மாநிலங்களில் வேலை உரிமைச் சட்டம் இருக்கிறது. அங்கே எல்லாருக்கும் வேலை உத்தரவாதம். நம்ம ஊரில் எப்போது?" கீழே நாலு பேர் கைகூப்பியிருப்பார்கள், ரெண்டு பேர் கோபப்பட்டிருப்பார்கள்.

கொஞ்சம் பொறுங்க. எண்ணிக்கை சரி, பெயரும் சரி. அர்த்தம்தான் தப்பு. அந்தச் சட்டம் யாருக்கும் வேலை கொடுக்காது. இருக்கிற வேலை போகாமல் காப்பாற்றவும் செய்யாது. அது பேசுவது ஒரே ஒரு விஷயத்தை: ஒரு தொழிலாளி தொழிற்சங்கத்துக்குப் பணம் கட்டினால்தான் வேலையில் இருக்கலாம் என்று நிபந்தனை போடலாமா, கூடாதா?

"அது அமெரிக்கச் சண்டை, நமக்கென்ன?" என்று தோன்றலாம். உங்கள் சம்பளச் சீட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நீங்கள் ஆலையிலோ, போக்குவரத்துக் கழகத்திலோ, வங்கியிலோ வேலை பார்ப்பவராக இருந்தால் பிடித்தங்கள் பகுதியில் 'சங்கச் சந்தா' என்று ஒரு வரி இருக்கலாம். அந்த வரி எப்படி வந்தது? யார் சம்மதித்தது? வேண்டாம் என்றால் நிறுத்த முடியுமா? நிறுத்தினால் சம்பள உயர்வு கிடைக்குமா? அங்கே கோர்ட் வரை போன கேள்விகள் இவைதான். அதனால் அந்தக் கதையைப் படித்துவிட்டு நம் ஊருக்கு வருவோம்.

ஒரே மாதிரி பெயர், மூன்று வேறு விஷயம்

முதலில் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம்.

ஒன்று, வேலை பெறும் உரிமை. நம் அரசியலமைப்பின் 41-ஆவது பிரிவு, அரசு தன் பொருளாதார சக்திக்கு உட்பட்டு இதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. கிராமப்புறக் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 100 நாள் வேலை என்று 2005-இல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டம் இந்த எண்ணத்தில் பிறந்தது.

இரண்டு, அமெரிக்காவின் 'வேலை உரிமைச் சட்டம்'. இது சங்கக் கட்டணம் பற்றியது மட்டுமே.

மூன்று, 'விருப்பப்படி வேலை' என்ற அமெரிக்க வழக்கம். முதலாளி காரணம் சொல்லாமலே வேலையை விட்டு நீக்கலாம், தொழிலாளியும் எப்போது வேண்டுமானாலும் போகலாம். அங்கே பெரும்பாலான மாநிலங்களில் இதுதான் நடைமுறை. டெக்சாஸில் இருக்கும் உங்கள் சொந்தக்காரர் "இங்கே ஒரே மெயிலில் வேலையை விட்டு அனுப்பிடுவாங்க" என்று சொன்னால் அவர் சொல்வது இதைத்தான். அதே டெக்சாஸில் 1947 முதல் வேலை உரிமைச் சட்டமும் இருக்கிறது. இரண்டும் வேறு வேறு.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

சட்டத்துக்குள் போகும் முன் ஒரு கற்பனை ஆலை. 500 தொழிலாளர்கள். அதில் 300 பேர் சங்கத்தில் இருக்கிறார்கள். மாதம் 100 ரூபாய் சந்தா. சங்கத்துக்கு மாதம் 30,000 ரூபாய் வருகிறது. அந்தப் பணத்தில் வழக்கறிஞர் செலவு, பேச்சுவார்த்தைக்குப் போய்வரும் செலவு, வேலைநீக்கம் செய்யப்பட்டவருக்கு உதவி எல்லாம் நடக்கிறது. ஒரு வருடம் இழுபறிக்குப் பிறகு ஒப்பந்தம் கையெழுத்தாகிறது. ஆளுக்கு மாதம் 3,000 ரூபாய் உயர்வு. யாருக்கு? 500 பேருக்கும்.

இப்போது சந்தா கட்டிய 300 பேரில் ஒருவர் யோசிக்கிறார். "பக்கத்து மெஷினில் இருப்பவன் ஒரு பைசா கட்டவில்லை. அவனுக்கும் அதே உயர்வு. நான் மட்டும் ஏன் கட்டணும்?" அடுத்த வருடம் 300 பேர் 220 ஆகிறார்கள், பிறகு 150. சங்கத்தின் கையில் பணம் இல்லை, பின்னால் ஆளும் இல்லை. அடுத்த பேச்சுவார்த்தையில் நிர்வாகம் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஓசியில் பயணம் செய்கிறவர்கள் கூடக்கூட வண்டியே நின்றுபோகும் என்பதுதான் சங்கங்களின் கவலை.

இப்போது மறுபக்கம் வாருங்கள். சந்தா கட்டாத 200 பேரில் ஒருவருக்கு அந்தச் சங்கத் தலைவரைப் பிடிக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் அவர் கொடுத்த புகாரைச் சங்கம் கண்டுகொள்ளவே இல்லை. சங்கம் ஆதரிக்கும் கட்சிக்கு அவர் ஓட்டுப் போடுவதும் இல்லை. அவரிடம் போய் "பணம் கட்டு, இல்லாவிட்டால் வேலை போய்விடும்" என்றால் எப்படி? வயிற்றுப்பாட்டைப் பணயம் வைத்து ஒரு அமைப்புக்குப் பணம் வாங்குவது நியாயமா?

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் இந்த விவாதம் அமெரிக்காவில் எண்பது வருடமாக ஓயவில்லை.

அமெரிக்காவில் இது எப்படி வந்தது?

1935-இல் அதிபர் ரூஸ்வெல்ட் காலத்தில் தேசிய தொழிலாளர் உறவுகள் சட்டம் வந்தது. அதைக் கொண்டுவந்த செனட்டர் பெயரால் வாக்னர் சட்டம் என்று சொல்வார்கள். அதன் அடிப்படை எளிது: ஒரு பணியிடத்தில் பெரும்பான்மைத் தொழிலாளர் எந்தச் சங்கத்தைத் தேர்ந்தெடுக்கிறார்களோ, அந்தச் சங்கம் மட்டுமே அங்குள்ள எல்லாருக்காகவும் பேசும். உறுப்பினர், உறுப்பினர் அல்லாதவர், எதிர்த்து ஓட்டுப் போட்டவர் எல்லாரும் இதில் அடக்கம். இதைத் தனிப் பிரதிநிதித்துவம் என்கிறார்கள்.

எல்லாருக்காகவும் பேசுவதால் எல்லாரும் செலவைப் பகிர வேண்டும் என்று சங்கங்கள் கேட்டன. அதற்கு மூன்று ஏற்பாடுகள் இருந்தன. முதலாவது, ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவரை மட்டுமே வேலைக்கு எடுப்பது. இரண்டாவது, யாரை வேண்டுமானாலும் எடுக்கலாம், ஆனால் சில நாட்களுக்குள் சங்கத்தில் சேர வேண்டும். மூன்றாவது, சேர வேண்டாம், பேச்சுவார்த்தைச் செலவுக்கான கட்டணத்தை மட்டும் கட்ட வேண்டும்.

1941-இல் டல்லாஸ் நகரப் பத்திரிகை ஒன்றின் தலையங்கம் இந்தக் கட்டாயத்தை எதிர்த்து 'வேலை செய்யும் உரிமை' என்ற சொல்லைப் பிரபலமாக்கியது. 1944-இல் ஃப்ளோரிடாவும் ஆர்கன்சாவும் இதைத் தங்கள் மாநில அரசியலமைப்பிலேயே சேர்த்தன. 1947-இல் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் வந்தது. அதிபர் ட்ரூமன் அதை நிராகரித்தார். நாடாளுமன்றம் அவரையும் மீறி நிறைவேற்றியது. அந்தச் சட்டம் மேலே சொன்ன முதல் ஏற்பாட்டை நாடு முழுக்கத் தடை செய்தது. மற்ற இரண்டையும் தடை செய்வதா வேண்டாமா என்பதை மாநிலங்களின் முடிவுக்கு விட்டது. இன்று 26 மாநிலங்கள் தடை செய்திருக்கின்றன. அந்தத் தடைக்குத்தான் 'வேலை உரிமைச் சட்டம்' என்று பெயர்.

இந்தப் பெயரே விவாதத்துக்கு உரியது. 1961-இல் மார்ட்டின் லூதர் கிங் இது ஏமாற்றும் முழக்கம் என்று விமர்சித்தார். சங்கங்களையும் கூட்டு பேரத்தையும் பலவீனமாக்குவதுதான் நோக்கம் என்றார். ஆதரிப்பவர்கள், சங்கத்துக்குப் பணம் கட்டாமலே வேலை செய்யும் உரிமை என்பதுதான் அர்த்தம், பெயரில் தவறே இல்லை என்கிறார்கள்.

சங்கமே எதிராகத் திரும்பினால்?

இங்கே ஒரு வழக்கைத் தெரிந்துகொள்வது அவசியம். அலபாமாவில் பெஸ்டர் ஸ்டீல் என்ற கறுப்பினத் தொழிலாளி ரயில் என்ஜினில் நிலக்கரி போடும் வேலை பார்த்தார். அங்கே பெரும்பான்மையாக இருந்த சங்கம் வெள்ளையர்களை மட்டுமே உறுப்பினராகச் சேர்த்தது. ஆனால் சட்டப்படி அதுதான் எல்லாருக்கும் பிரதிநிதி. அந்தச் சங்கம் நிர்வாகத்தோடு உட்கார்ந்து, கறுப்பினத் தொழிலாளர்களை நல்ல வேலைகளிலிருந்து வெளியேற்றும் ஒப்பந்தத்தைப் போட்டது. தன்னைச் சேர்க்கவே மறுத்த சங்கம் தன் பெயரில் கையெழுத்திட்டுத் தன் வேலையைப் பறித்தது. ஸ்டீல் வழக்குத் தொடுத்தார்.

1944-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. எல்லாருக்காகவும் பேசும் அதிகாரத்தைச் சட்டம் ஒரு சங்கத்துக்குக் கொடுத்தால், எல்லாரையும் பாகுபாடின்றி நடத்தும் கடமையும் அதற்கு வருகிறது என்று தீர்ப்பளித்தது. உறுப்பினர் அல்லாதவருக்கும் சங்கம் நியாயமாக நடக்க வேண்டும் என்ற விதி அங்கே நிலைபெற்றது இப்படித்தான்.

இந்த ஒரு தீர்ப்பை இரண்டு தரப்பும் தங்களுக்குச் சாதகமாகக் காட்டலாம். சங்கங்கள் சொல்லும்: "பணம் கட்டாதவருக்கும் நாங்கள் வேலை செய்தே ஆகணும் என்று கோர்ட் சொல்கிறது. அப்படியானால் செலவை யார் கொடுப்பது?" எதிர்த்தரப்பு சொல்லும்: "சங்கம் எப்போதும் நல்லதே செய்யும் என்று சொல்ல முடியாது, பார்த்தீர்களா? அதனால்தான் பணம் கட்டாமல் விலகி நிற்கும் உரிமை வேண்டும்."

அண்மைக்காலத் திருப்பங்கள்

அரசு ஊழியர்கள் விஷயத்தில் 1977-இல் உச்ச நீதிமன்றம் ஒரு நடுவழி கண்டது. பேச்சுவார்த்தைச் செலவுக்குக் கட்டணம் வாங்கலாம், சங்கத்தின் அரசியல் செலவுக்கு விருப்பமில்லாதவரிடம் வாங்கக் கூடாது. தனியார் துறையிலும் 1988-இல் கிட்டத்தட்ட இதே கோட்டை நீதிமன்றம் போட்டது.

2018-இல் ஜேனஸ் வழக்கு வந்தது. இல்லினாய் மாநில அரசு ஊழியர் ஒருவர், தான் சேராத சங்கத்துக்கு மாதம் சுமார் 45 டாலர் கட்ட வேண்டியிருந்ததை எதிர்த்தார். அரசோடு சங்கம் பேசும் எந்தப் பேச்சும் அரசியல்தான், அதற்குப் பணம் கொடுக்கச் சொல்வது பேச்சுரிமையில் தலையிடுவது என்பது அவர் வாதம். ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர் வென்றார். 1977 தீர்ப்பு ரத்தானது. அன்றிலிருந்து அங்கே எந்த மாநில அரசு ஊழியரிடமும் சம்மதமில்லாமல் சங்கக் கட்டணம் பிடிக்க முடியாது.

அதே 2018-இல் மிசௌரி மாநில மக்கள், தங்கள் சட்டமன்றம் நிறைவேற்றிய வேலை உரிமைச் சட்டத்தை வாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையோடு தள்ளுபடி செய்தார்கள். கார் ஆலைகளுக்குப் பேர்போன மிச்சிகன் 2012-இல் இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது, 2023-இல் திரும்பப் பெற்றது. டென்னசி மாநிலமோ 2022-இல் இதை அரசியலமைப்பிலேயே சேர்த்துக்கொண்டது. அதே டென்னசியில் சட்டனூகா நகர ஃபோக்ஸ்வாகன் ஆலைத் தொழிலாளர்கள் 2024 ஏப்ரலில் 2,628-க்கு 985 என்ற கணக்கில் சங்கம் வேண்டும் என்று ஓட்டுப் போட்டார்கள். அதனால், இந்தச் சட்டம் இருந்தால் சங்கமே வைக்க முடியாது என்று நினைத்துவிடாதீர்கள். சங்கம் வைக்கலாம். கட்டாயமாகப் பணம் வாங்க முடியாது, அவ்வளவுதான்.

பொருளாதாரத்தில் இதன் விளைவு என்ன? ஆதரவாளர்கள், தொழிற்சாலைகள் தெற்கு மாநிலங்களுக்கு வருவதைக் காட்டுகிறார்கள். எதிர்ப்பாளர்கள், அந்த மாநிலங்களில் சம்பளம் குறைவு என்கிறார்கள். ஆனால் நிலத்தின் விலை, வரி, வாழ்க்கைச் செலவு, எந்தத் தொழில் எங்கே இருக்கிறது என்று பல காரணங்கள் கலந்திருப்பதால், இந்த ஒரு சட்டத்தின் பங்கை மட்டும் பிரித்தெடுப்பது சுலபமில்லை. தெளிவாகத் தெரிவது ஒன்று: 1983-இல் அமெரிக்கத் தொழிலாளர்களில் 20.1 சதவீதம் பேர் சங்க உறுப்பினர்கள், 2024-இல் 9.9 சதவீதம். இந்தச் சட்டம் இல்லாத மாநிலங்களிலும் சங்கங்கள் சுருங்கியிருக்கின்றன. ஆக, சட்டம் காரணங்களில் ஒன்று, அது மட்டுமே காரணம் அல்ல.

நம் கதை பெரம்பூரில் தொடங்குகிறது

இப்போது ஊருக்கு வருவோம். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. பெரம்பூர் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள்தான் அதன் உயிர். பி. பி. வாடியா தலைவர். செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் அதைத் தொடங்க உழைத்தவர்கள். திரு. வி. க.வும் அதில் முன்னின்றார். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று இதைச் சொல்வார்கள்.

1920-இல் ஆலையில் தகராறு முற்றியபோது, வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளர்களைத் தூண்டினார்கள் என்று வாடியா முதலானோர் மீது பின்னி நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. நீதிமன்றம் தடை விதித்தது. சங்கம் நடத்துவதற்கே சட்டப் பாதுகாப்பு இல்லை என்பது அப்போதுதான் நாடு முழுக்க உறைத்தது. என். எம். ஜோஷி மத்திய சட்டமன்றத்தில் குரல் எழுப்பினார். 1926-இல் தொழிற்சங்கங்கள் சட்டம் வந்தது. நூறாண்டுக்கு முன் வந்த அந்தச் சட்டத்துக்குப் பின்னால் நம் பெரம்பூர் இருக்கிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு சங்கம் அமைக்கும் உரிமை அரசியலமைப்பின் 19(1)(இ) பிரிவில் அடிப்படை உரிமையானது. இப்போது 1926 சட்டமும் 1947-ஆம் ஆண்டு தொழில் தகராறுகள் சட்டமும் 'தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, 2020' என்பதில் இணைக்கப்பட்டுள்ளன. இது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்தது.

இங்கே சட்டம் என்ன சொல்கிறது?

சங்கத்தில் சேர்ந்ததற்காக வேலையை விட்டு நீக்குவேன் என்று நிர்வாகம் மிரட்டுவது முறையற்ற தொழிலாளர் நடைமுறை. அதேபோல, சேரச் சொல்லியோ சேராதே என்றோ தொழிலாளியை மிரட்டிக் கட்டாயப்படுத்துவது சங்கம் செய்யும் முறையற்ற நடைமுறை. இரண்டு பக்கமும் வேலி இருக்கிறது.

சம்பளத்திலிருந்து சங்கச் சந்தாவைப் பிடிக்க உங்கள் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் வேண்டும்.

சங்கம் அரசியல் செலவுக்குப் பணம் திரட்டினால் அது தனி நிதியாக இருக்க வேண்டும். அதற்குக் கொடுக்கச் சொல்லி எந்த உறுப்பினரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. கொடுக்காததற்காகச் சங்கப் பயன்களை மறுக்கவும் கூடாது. அமெரிக்காவில் 1977-இல் வழக்குப் போட்டு வாங்கியதை நம் சட்டம் 1926-லேயே எழுதிவைத்திருக்கிறது.

அப்படியானால் ஓசிப் பயணப் பிரச்சினை இங்கே இல்லையா? இருக்கிறது. '12(3) ஒப்பந்தம்' என்ற பெயரை நீங்கள் கேட்டிருப்பீர்கள். போக்குவரத்துக் கழக ஊதியச் செய்திகளில் அடிக்கடி வரும். தொழில் தகராறுகள் சட்டத்தின்படி, அரசின் சமரச அலுவலர் முன்னிலையில் நடக்கும் பேச்சுவார்த்தையில் கையெழுத்தாகும் ஒப்பந்தம் இது. இது அந்த நிறுவனத்தின் எல்லாத் தொழிலாளரையும் கட்டுப்படுத்தும். சங்கத்தில் இல்லாதவரையும், பின்னால் வேலைக்குச் சேர்பவரையும்கூட. சமரச அலுவலர் இல்லாமல் இரு தரப்பும் தாங்களே போட்டுக்கொள்ளும் ஒப்பந்தம் கையெழுத்திட்ட தரப்புகளை மட்டுமே கட்டுப்படுத்தும்.

ஆக, 12(3) ஒப்பந்தம் வந்தால் சந்தா கட்டியவருக்கும் கட்டாதவருக்கும் ஒரே பலன். கட்டாயக் கட்டணமும் கிடையாது. இந்த ஒரு விஷயத்தில் நம் நிலைமை, பெயர் சொல்லாத ஒரு 'வேலை உரிமைச் சட்டம்' மாதிரிதான் இருந்துவந்திருக்கிறது.

ஆனால் ஒரு விதிவிலக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். மகாராஷ்டிரத்தில் 1971-ஆம் ஆண்டு மாநிலச் சட்டம் ஒன்று, ஒரு பணியிடத்தில் ஒரே சங்கத்துக்கு அங்கீகாரம் கொடுத்தது. அப்படி அங்கீகாரம் பெற்ற சங்கம் ஒன்று போட்ட ஒப்பந்தத்தில், ஒவ்வொரு தொழிலாளிக்கும் கிடைக்கும் நிலுவைத் தொகையில் 15 சதவீதம் சங்க நிதிக்குப் போகும் என்று ஒரு விதி இருந்தது. அந்தச் சங்கத்தில் சேராதவர்களுக்கும் சேர்த்துத்தான். எதிர்ச் சங்கம் வழக்குத் தொடுத்தது. பால்மர் லாரி வழக்கு என்று அறியப்படும் இதில், 1984-இல் நம் உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லும் என்றது. பலனை எடுத்துக்கொள்பவர் அதற்கான செலவில் பங்கு கொடுப்பதில் தவறில்லை என்ற வாதம் அங்கே ஜெயித்தது. அதே கேள்விக்கு அமெரிக்க நீதிமன்றம் 2018-இல், அரசு ஊழியர்கள் விஷயத்தில், நேர்மாறான பதில் சொன்னது.

51 சதவீதம்: இனி வரப்போகும் கேள்வி

இதுவரை நம் ஊர் ஆலைகளில் ஒரே வாசலில் நாலைந்து கொடிகள் பறப்பது சகஜம். அமெரிக்கா மாதிரி ஒரே சங்கம் எல்லாருக்கும் பேசும் என்ற விதி பழைய மத்தியச் சட்டத்தில் இருந்ததில்லை. பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. பதிவு என்பது அரசு கொடுக்கும் சான்று. அங்கீகாரம் என்பது நிர்வாகம் உங்களோடு பேச ஒத்துக்கொள்வது. 2024-இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே மின்னணுப் பொருள் ஆலை ஒன்றில் 37 நாள் வேலைநிறுத்தம் நடந்தபோது, சங்கப் பதிவும் அங்கீகாரமும்தான் முக்கியக் கோரிக்கைகள்.

புதிய சட்டத் தொகுப்பு இதை மாற்றுகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் இருந்தால், பணியாளர் பட்டியலில் உள்ளவர்களில் 51 சதவீதம் பேரின் ஆதரவு பெற்ற சங்கமே நிர்வாகத்தோடு பேசும் ஒரே சங்கம். அப்படி யாருக்கும் 51 இல்லையென்றால், குறைந்தது 20 சதவீத ஆதரவு உள்ள சங்கங்கள் சேர்ந்த பேச்சுவார்த்தைக் குழு.

இதன் அர்த்தத்தைக் கவனியுங்கள். 51 சதவீதச் சங்கம் போடும் ஒப்பந்தம் மீதி 49 பேரின் சம்பளத்தையும் ஷிப்டையும் தீர்மானிக்கலாம். அப்போது 49 பேர் கேட்பார்கள்: "எங்கள் குறையை அவர்கள் பேசுவார்களா?" அது ஸ்டீல் கேட்ட கேள்வி. 51 பேர் கேட்பார்கள்: "செலவு முழுக்க எங்கள் தலையிலா?" அது மிச்சிகன் தொழிலாளர்கள் கேட்ட கேள்வி. அமெரிக்கா எண்பது வருடம் பேசிய விஷயம் நம் கேன்டீன் மேசைக்கு வரும் நாள் தொலைவில் இல்லை. அப்போது கோபப்படுவதற்கு முன்னால் இரண்டு பக்கத்தையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

நீங்கள் செய்ய வேண்டியது

1. சம்பளச் சீட்டைப் பாருங்கள். சந்தா பிடித்தம் இருந்தால், நீங்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தின் நகலைக் கேளுங்கள். கையெழுத்தே போடவில்லை என்றால் நிர்வாகத்துக்கு எழுத்தில் கேள்வி அனுப்புங்கள். வாயால் சொன்னது கணக்கில் வராது.

2. சங்கத்தில் சேரும் முன் பதிவு எண்ணையும் விதிமுறைப் புத்தகத்தையும் கேளுங்கள். சந்தா எவ்வளவு, தேர்தல் எப்போது, விலகுவது எப்படி என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும்.

3. உறுப்பினராக இருந்தால் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும் உரிமை உங்களுக்குச் சட்டப்படி உண்டு. கேட்கத் தயங்காதீர்கள். கணக்குக் கேட்பது துரோகம் இல்லை.

4. புதிதாகச் சங்கம் தொடங்க வேண்டுமா? குறைந்தது 7 பேர் விண்ணப்பிக்க வேண்டும். அத்தோடு பணியிடத்திலோ அந்தத் தொழிலிலோ உள்ளவர்களில் 10 சதவீதம் பேர் அல்லது 100 பேர், இதில் எது குறைவோ அத்தனை உறுப்பினர்கள் இருக்க வேண்டும். விண்ணப்பம் தொழிலாளர் துறையில் உள்ள தொழிற்சங்கப் பதிவாளரிடம் போகும். ஐ.டி. ஊழியர்களுக்கும் இந்த உரிமை உண்டு என்று தமிழ்நாடு அரசு 2016-லேயே தெளிவுபடுத்திவிட்டது.

5. சங்கத்தில் சேர்ந்ததற்காகவோ, சேராததற்காகவோ மிரட்டல் வந்தால் தேதி, நேரம், சொன்ன வார்த்தை மூன்றையும் அன்றைக்கே எழுதிவையுங்கள். மெசேஜ் வந்திருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். உங்கள் மாவட்டத் தொழிலாளர் துறை சமரச அலுவலரிடம் எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.

6. ஒப்பந்தம் கையெழுத்தானால் முழு நகலையும் வாங்கிப் படியுங்கள். சமரச அலுவலர் முன் போட்டதா, நேரடியாகப் போட்டதா என்று பாருங்கள். அது உங்களைக் கட்டுப்படுத்துமா என்பது அதைப் பொறுத்தது. நிலுவைத் தொகையிலிருந்து பிடித்தம் என்று ஏதாவது விதி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

7. நலவாரியம் வேறு, சங்கம் வேறு. கட்டுமானம், ஆட்டோ, வீட்டு வேலை போன்ற அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான நலவாரியங்களை அரசு நடத்துகிறது. சங்கம் என்பது தொழிலாளர்கள் தாங்களே அமைத்துக்கொள்வது. வாரிய அட்டைக்கென்று யாராவது பணம் கேட்டால் கொடுப்பதற்கு முன் தொழிலாளர் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள்.

கடைசியாக ஒன்று

சங்கத்தில் சேருங்கள் என்றோ சேராதீர்கள் என்றோ இந்தக் கட்டுரை சொல்லவில்லை. அது உங்கள் முடிவு. சேர்ந்தால் சந்தா மட்டும் கட்டிவிட்டு ஒதுங்காமல், பொதுக்குழுவுக்குப் போங்கள், கேள்வி கேளுங்கள். சேராவிட்டால், உங்களுக்குக் கிடைத்த உயர்வுக்காக யாரோ வெயிலில் நின்றார்கள் என்பதை மறக்காதீர்கள்.

அந்த ஃபார்வேர்டு மறுபடி வந்தால் குழுவில் சண்டை போட வேண்டாம். "அந்தச் சட்டம் வேலை தருவதில்லை, சங்கக் கட்டணத்தைக் கட்டாயமாக்கக் கூடாது என்கிறது, அவ்வளவுதான்" என்று ஒரே வரி போட்டுவிடுங்கள். யாராவது "அப்போ நம்ம ஊரில் எப்படி?" என்று கேட்டால் இந்தக் கட்டுரையை அனுப்புங்கள். கூடவே, சம்பளச் சீட்டை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.